பல்சர் 150-க்கு 140 டயர் போட்டா வளைவுல நல்லா பிடிக்குமா?

தம்பி கேட்டிருக்கிறத நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இதுதான். உங்ககிட்ட சிங்கிள் டிஸ்க், அதாவது முன்னாடி மட்டும் டிஸ்க் பிரேக் இருக்கற பல்சர் 150 இருக்கு, முன்னாடி 80/100-17, பின்னாடி 100/90-17, ரெண்டும் கம்பெனி அளவு. தினமும் கோயம்புத்தூர்-பொள்ளாச்சி ரோட்டுல வேலைக்குப் போய் வர்றீங்க, அப்பப்ப வீட்டுக்காரம்மாவ பின்னாடி உக்கார வெச்சு வால்பாறை ஏறுறீங்க. கொண்டை ஊசி வளைவுல சாய்க்கும்போது முதல்ல வண்டி சாய மாட்டேங்குது, அப்புறம் திடீர்னு பொத்துனு விழற மாதிரி இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தர் இதே வண்டிக்கு பின்னாடி 140/70 போட்டுட்டு ரோட்ட கவ்விப் பிடிக்குதுன்னு சொல்றார், நீங்களும் போடலாமான்னு கேக்கறீங்க. மேலோட்டமா பாத்தா டயர் அளவப் பத்தின கேள்வி, ஆனா நீங்க உண்மையில கேக்கறது வளைவுல வர்ற அந்த பயம் எதனால, அகலமான டயர் போட்டா அது போயிருமாங்கறதுதான். அதுக்கே பதில் சொல்றேன். நான் முன்னாடி ஒரு டயர் கம்பெனில ஃபீல்ட் சர்வீஸ்ல இருந்தவன், கம்ப்ளெய்ன்ட் வந்த டயர அறுத்துப் பாத்து ரிப்போர்ட் எழுதறது வேலை, இப்ப பல வருஷமா டூவீலர் டயர் மட்டும் விக்கிற கடை வெச்சிருக்கேன். உங்க வண்டிய நேர்ல பாக்காம சொல்றதால சில இடத்துல "இப்படி இருக்கலாம்"னுதான் சொல்ல முடியும், அத அங்கங்க சொல்லிடறேன்.

முதல்ல உங்க அறிகுறிய எடுத்துக்குவோம், ஏன்னா 22,000 கிமீ ஓடின அதே டயர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பைக் டயர குறுக்க வெட்டிப் பாத்தா மேல்பக்கம் வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கணும், அந்த வளைவு மேலதான் வண்டி சீரா உருண்டு சாயும். பொள்ளாச்சி ரோடு மாதிரி நேரா கிடக்கற ரோட்டுல தினமும் போனா நடுப்பட்டை மட்டும்தான் தேயும், ஓரம் அப்படியே இருக்கும். கொஞ்ச நாள்ல நடு தட்டையாயி, தட்டை முடியற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு விளிம்பு உண்டாயிரும். சாய்க்கும்போது முதல்ல அந்த தட்டையில நின்னுக்கிட்டு வண்டி அடம் பிடிக்கும், விளிம்பத் தாண்டினதும் சடார்னு விழும். நீங்க எழுதினது அச்சு அசலா இதுதான். விரல குறுக்கால ஓரத்துலருந்து நடுவுக்கு மெதுவா தடவிப் பாருங்க, ஒரு இடத்துல விரல் ஏறி இறங்கினா அதுதான் அந்த விளிம்பு. இதுக்கு மருந்து புது டயர், அகலம் இல்ல. உங்க ஃப்ரெண்டு விஷயத்துலயும் அவர் தேஞ்ச டயரக் கழட்டிட்டு புதுசு போட்டிருக்கார், கடைக்காரர் காத்தும் சரியா வெச்சு அனுப்பியிருப்பார், அந்த ரெண்டுனால வந்த சுகத்த அவர் 140-ன் கணக்குல எழுதிக்கிட்டார்னு எனக்குத் தோணுது. அதே 100/90-ல நல்ல புது டயர் போட்டிருந்தாலும் அவருக்கு வண்டி மாறிப்போன மாதிரிதான் இருந்திருக்கும்.

சரி, அகலத்தப் பத்தி. டயர் மேல 100/90-17னு போட்டிருந்தா 100ங்கறது அகலம் மில்லிமீட்டர்ல, 90ங்கறது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை சதவீதம்னு, 17 ரிம்மோட விட்டம் அங்குலத்துல. அப்ப 100/90-ல பக்கச்சுவர் 90 மிமீ, மொத்த விட்டம் கிட்டத்தட்ட 612 மிமீ. 140/70-ல பக்கச்சுவர் 98 மிமீ, விட்டம் 628. அதாவது 140 போட்டா டயர் அகலமா மட்டும் ஆகல, உயரமும் 16 மிமீ கூடுது. அதுல பாதி, 8 மிமீ, பின் அச்சு மேல ஏறும். வண்டியோட பின்பக்கம் தூக்கிக்கிட்டு முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கற ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகும். எவ்வளவுன்னா கால் டிகிரிக்கு கொஞ்சம் மேல, தனியா பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல. டயர் ஒரு சுத்துக்கு ரெண்டரை சதவீதம் அதிக தூரம் போகும், அதனால கியர் அந்த அளவுக்கு நீண்ட மாதிரி ஆகி பிக்கப் மந்தமாகும். 14 குதிரைசக்தி வண்டில, ரெண்டு பேரோட ஆழியார்லருந்து மேல ஏறும்போது இது தெரியும், செகண்ட் கியர்ல ஏறின இடத்துல ஃபர்ஸ்ட் தேட வேண்டி வரலாம்.

இப்ப சாய்வு. இது ரொம்ப பேருக்குத் தெரியாத விஷயம், ஆனா கணக்குப்படி உறுதியானது. டயர் காகிதம் மாதிரி மெல்லிசா இருந்தா வளைவுல ஒரு வேகத்துக்கு ஒரே சாய்வுதான் வேணும். ஆனா டயருக்கு அகலம் இருக்கறதால வண்டி சாயும்போது ரோட்டத் தொடற இடமும் சாயற பக்கமே நகருது, அந்த நகர்வ ஈடு கட்ட வண்டி இன்னும் கொஞ்சம் சாஞ்சாகணும். டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு கூடுதல் சாய்வு. வண்டியும் ஆளும் சேர்ந்த எடை மையம் தரைலருந்து 60 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டு, 40 டிகிரி சாய்வு தேவைப்படற வளைவுக்கு கணக்குப் போட்டா, 100 மிமீ டயர்ல கூடுதலா மூணு டிகிரி சொச்சம், 140-ல அஞ்சு டிகிரி கிட்ட. வித்தியாசம் ஒன்றரை டிகிரி. சின்னதுதான், ஆனா அது எந்தப் பக்கம்னு கவனிங்க. அகலமான டயர் போட்டா அதே வளைவ அதே வேகத்துல எடுக்க வண்டி அதிகமா சாயணும், குறைவா இல்ல. அதோட ரோட்டத் தொடற இடம் பக்கவாட்டுல அதிக தூரம் நகர வேண்டியிருக்கறதால ஹேண்டில்ல கொஞ்சம் கூட அழுத்தம் குடுக்கணும், எஸ் வளைவுல இடதுலருந்து வலதுக்கு மாத்தும்போது வண்டி சோம்பேறியா திரும்பும். ஹைவேல நேரா போகும்போது அதே குணம் "அசையாம போகுது"ன்னு நல்லா தெரியும். நிறைய பேர் ஸ்டெபிலிட்டி கூடிருச்சுன்னு சொல்றது பாதி இதத்தான்.

அப்ப கிரிப்? "அகலமான டயர்னா ரோட்டுல நிறைய ரப்பர் படும், கிரிப் கூடும்"ங்கறது பாதி உண்மை. டயர் ரோட்டத் தொடற பரப்பளவ பெரும்பாலும் முடிவு பண்றது மேல இருக்கற எடையும் உள்ள இருக்கற காத்தும்தான். நீங்க தனியா போகும்போது பின் சக்கரத்துல ஒரு 118 கிலோ விழுதுன்னு வெச்சுக்கங்க, காத்து 28 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டு கிலோ பக்கம். வகுத்தா 60 சதுர சென்டிமீட்டர் வரும், ஒரு உள்ளங்கை அளவு. டயரோட உடம்பே கொஞ்சம் எடைய தாங்கறதால இது துல்லியமான கணக்கு இல்ல, ஆனா கிட்டத்தட்ட சரி. 100 போட்டாலும் 140 போட்டாலும் அதே எடை, அதே காத்துன்னா இந்தப் பரப்பு பெருசா மாறாது, வடிவம்தான் மாறும். ஒடுக்கமான டயர்ல நீளவாக்குல இருக்கும், அகலமான டயர்ல குறுக்குவாக்குல இருக்கும். அந்த வடிவ மாற்றத்தால கிரிப் எவ்வளவு கூடுதுங்கறதுல டயர் ஆளுங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது, ரப்பர் கலவை, சூடு, ரோடு இதப் பொறுத்து மாறும். எங்க உறுதியா சொல்ல முடியும்னா, பவர் அதிகமா இருக்கற வண்டிக்கு அகலம் தேவை. 180, 190 மிமீ டயர் போட்டு வர்ற பெரிய பைக்குல ஆக்ஸிலரேட்டர் திறக்கும்போது ரப்பர்ல ஏறற சூட்டையும் தேய்மானத்தையும் பரப்பி விட அத்தனை ரப்பர் வேணும். 14 குதிரைசக்திக்கு அந்தப் பிரச்சனையே கிடையாது.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன், நம்பலன்னா போய்ப் பாருங்க. பைக் ரேஸ் உலக சாம்பியன்ஷிப்ல மோட்டோ3னு ஒரு பிரிவு 2012-லருந்து இருக்கு, 250 சிசி ஒத்த சிலிண்டர் ரேஸ் பைக், பவர் 50 குதிரைசக்திக்கு மேல. டன்லப் டயர் குடுத்துட்டு இருந்த காலத்துல அந்த வண்டிகளோட பின் டயர் 115/75, முன் டயர் 95/75. அதுல முழங்கை தரைல உரசற அளவுக்கு சாய்ச்சு ஓட்டறாங்க. அவங்க வண்டிக்கு 115 போதும், வால்பாறை போற பல்சருக்கு 140 வேணும்னா கணக்கு எங்கயோ உதைக்குது. அவங்க கிரிப் வர்றது ரப்பர் கலவைலருந்து, சரியான ரிம்லருந்து, சூட்டுலருந்து. அந்த ரப்பர் ஒரு ரேஸ் தாண்டாது, நமக்கு ஆகாது, ஆனா கிரிப் எங்கிருந்து வருதுங்கற பாடம் அதேதான்.

ரிம்னு சொன்னேன்ல, இந்த மொத்த விஷயத்துலயும் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது அதத்தான். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம்ல மாட்டணும்னு ஒரு வரம்பு இருக்கு, டயர் கம்பெனிங்க பட்டியலே போட்டிருப்பாங்க. 100/90-க்கு பொதுவா 2.15-லருந்து 2.75 அங்குலம் வரைக்கும். 140/70-க்கு 3.50-லருந்து 4.50. உங்க அலாய்ல ஸ்போக் பக்கத்துலயோ ரிம் உள்பக்கமோ 17×எம்டி-ன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் வார்ப்புலயே இருக்கும், அந்த எம்டிக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் ரிம் அகலம். 100/90-க்குன்னு செஞ்ச ரிம் 3.50 இருக்க வாய்ப்பே இல்ல. ஒடுக்கமான ரிம்ல 140-ஐ அமுக்கி மாட்டினா என்ன ஆகும்? ரெண்டு பக்கச்சுவரையும் ரிம் உள்ள இழுத்துப் பிடிக்கும், மேல இருக்கற வளைவு கூம்பிப் போயிரும். 140 போட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, அளந்து பாத்தா அந்த அகலம் வராது. நேரா போகும்போது நடுவுல ஒரு ஒடுக்கமான பட்டை மட்டும் ரோட்டுல படும், காசு குடுத்து வாங்கின ஓரத்து ரப்பர் ரோட்டையே பாக்காது. பக்கச்சுவர் இருக்க வேண்டிய கோணத்துல இல்லாததால வளைவுல எடை ஏறும்போது டயர் ரிம் மேல லேசா ஆடும், பின்பக்கம் அலையற மாதிரி இருக்கும்.

இந்த மாதிரி ஒண்ணு கடைக்கு வந்துச்சு, வேற எங்கயோ போட்டது, பின்னாடி ஆட்டமா இருக்கு, வீல் அலைன்மென்ட் பாருங்கன்னு ஒரு பையன் கொண்டு வந்தார். வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்த சுத்தினா எந்தக் கோணலும் இல்ல. அப்புறம் சாக்பீஸ் எடுத்து டயர் மேல இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் குறுக்க ஒரு தடிமனான கோடு போட்டேன், தெருவுல கொஞ்ச தூரம் நேரா உருட்டிட்டு வரச் சொன்னேன். வந்ததும் பாத்தா நடுவுல மூணு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிஞ்சிருக்கு, மிச்சம் ரெண்டு பக்கமும் அப்படியே வெள்ளையா நிக்குது. ஓரத்துல புது டயர்ல இருக்கற ரப்பர் முடிகூட உதிரல, ஆனா நடுவுல தேய்மானம் பாதி தாண்டியாச்சு. செயின் பக்கம் குனிஞ்சு பாத்தா பக்கச்சுவர்ல ஒரு இடம் பளபளன்னு பாலீஷ் போட்ட மாதிரி இருந்துச்சு, ரெண்டு பேர் உக்காந்து பள்ளத்துல இறங்கும்போது செயின் உரசி உரசி அப்படி ஆயிருக்கு. அது இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா டயருக்கு உள்ள இருக்கற நூல் தெரிஞ்சிருக்கும். ஓடற வண்டில பக்கச்சுவர் பிளந்தா பஞ்சர் மாதிரி மெதுவா இறங்காது, மொத்தக் காத்தும் ஒரே அடியா போயிரும். பின்னாடி ஒருத்தர உக்கார வெச்சுக்கிட்டு மலைல இறங்கும்போது அது நடந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அதனாலதான் இந்த விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பா பேசறேன்.

"அப்ப எஃப்இசட்ல மட்டும் எப்படி 140 வருது"ன்னு கேப்பீங்க. யமஹா எஃப்இசட் 2008-ல வரும்போதே பின்னாடி 140/60 ஆர்17 ரேடியல் (ரேடியல்னா என்னன்னு கீழ சொல்றேன்), அதுக்கேத்த அகல ரிம், அதுக்கேத்த சுவிங்ஆர்ம் (பின் சக்கரத்தப் பிடிச்சிருக்கற கை), முன்னாடி 100/80 டயர்னு மொத்தமா சேத்து வடிவமைச்ச வண்டி. அதே கம்பெனியோட ஆர்15-ஐப் பாத்தா இன்னும் தெளிவா புரியும். முதல் ஆர்15-ல பின்னாடி 100/80 தான், 2011-ல ரெண்டாவது வெர்ஷன்ல 130/70 ரேடியல் குடுத்தாங்க. டயர மட்டும் மாத்திட்டு விடல, ரிம் மாத்தி, சுவிங்ஆர்ம் மாத்தி, வீல்பேஸ, அதாவது ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல இருக்கற தூரத்த, 1290-லருந்து 1345 மிமீக்கு நீட்டி, முன் டயரையும் 80-லருந்து 90-க்கு ஏத்தினாங்க. அப்பவும் பழசுதான் சட்டு சட்டுனு திரும்புதுன்னு சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. உங்க பல்சர்லயே டுவின் டிஸ்க் மாடல்ல 90/90 முன்னாடி, 120/80 பின்னாடி குடுத்தாங்க, கூடவே முன் ஃபோர்க் தடிமனாச்சு, வீல்பேஸ் நீண்டுச்சு. வண்டி செய்யறவனே ஒரு படி டயர் ஏத்தறதுக்கு இத்தனையும் மாத்தறான்.

முன் டயரப் பத்தி யாருமே கேக்க மாட்டேங்கறாங்க, கடைக்கு வர்ற பத்துல ஒம்போது பேர் பின்னாடி டயரத்தான் பெருசு பண்ணச் சொல்றாங்க, பின்னாடி நின்னு பாத்தா அதுதான் கண்ணுக்குத் தெரியுது. ஆனா பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாடி பாயுது, நல்லா பிரேக் போட்டா முக்கால்வாசி வேலைய முன் டயர்தான் செய்யுது, வண்டி எங்க போகணும்னு தீர்மானிக்கறதும் அதுதான். பின் டயர் வழுக்கினா பல தடவ காப்பாத்திரலாம், முன் டயர் வழுக்கினா பெரும்பாலும் கீழதான். பின்னாடி 140-ம் முன்னாடி தேஞ்ச 80-ம் வெச்சிருக்கற வண்டில ரெண்டு டயரும் ரெண்டு விதமா சாயும், முன்னாடி சீக்கிரம் சாயப் பாக்கும், பின்னாடி தாமதிக்கும், நடுவுல இருக்கற ஆளுக்கு வண்டி என்ன செய்யப் போகுதுன்னு புரியாது. உங்க பட்ஜெட்ல ஒரு நல்ல டயர்தான் வாங்க முடியும்னா, ரெண்டும் தேஞ்சிருந்தா, என்னோட ஓட்டு முன் டயருக்குத்தான்.

முன்னாடி அகலம் கூட்டறதுலயும் அதே வரம்பு உண்டு. 80/100-17-க்கு விட்டம் 592 மிமீ, 90/90-17-க்கு 594, அதனால உயரம் மாறாது, மட்கார்டுல இடம் இருந்தா பொதுவா பிரச்சனை இல்லாம உக்காரும். ஆனா 90/90-க்கு ரிம் குறைஞ்சது 1.85 இருக்கணும், 2.15 இருந்தா நல்லது, அந்த வார்ப்பு நம்பரப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. 100-க்கு மேல போகாதீங்க. முன்னாடி டயர் அகலமானா இன்னொரு குணமும் வரும், வளைவுல சாஞ்சிருக்கும்போது முன் பிரேக்க தொட்டா வண்டி தானா நிமிரப் பாக்கும், நிமிர்ந்தா வளைவ விட்டு வெளிய நேரா போகும். தொடற இடம் ஹேண்டில் அச்சுலருந்து தள்ளி நிக்கறதால பிரேக் விசை ஹேண்டில திருப்பிவிடுது, அதான் காரணம். கொண்டை ஊசில எதிர்ல பஸ்ஸப் பாத்து பதறி பிரேக் பிடிக்கறவங்களுக்கு இது ரொம்ப ஆபத்து.

ரிம் விட்டத்தப் பத்தியும் சுருக்கமா சொல்லிடறேன். சக்கரம் பெருசா இருந்தா பள்ளத்துக்குள்ள கம்மியா இறங்கும், சுழலும்போது திசை மாற மறுக்கற குணம் அதிகமா இருக்கும். அதனாலதான் ஹிமாலயன்ல முன்னாடி 21, கிளாசிக் 350-ல 19, வளைவுல வேகமா திரும்பணும்னு செஞ்ச டியூக் மாதிரி வண்டிகள்ல 17. உங்களுக்கு 17 ரிம், அத மாத்த வேண்டிய அவசியமே இல்ல.

டயர் வகைக்கு வருவோம், என் அனுபவத்துல அளவ விட இதுதான் வளைவுல வித்தியாசம் காட்டும். உள்ள நைலான் நூல் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா சரிவா ஓடினா பயஸ், நூல் இந்த விளிம்புலருந்து அந்த விளிம்புக்கு நேரா ஓடி மேல ஒரு பெல்ட் சுத்தியிருந்தா ரேடியல். ரேடியல்ல சூடு கம்மி, வேகத்துல வடிவம் மாறாது, ரோட்டோட ஒட்டி நிக்கும். பயஸ்ல பக்கச்சுவர் கெட்டி, மோசமான ரோட்டையும் ஓவர் லோடையும் தாங்கும், விலையும் கம்மி. 150 சிசிக்கு, 80-90 கிமீ வேகத்துக்கு நல்ல பயஸ் டயர் தாராளமா போதும். அளவுல விட்டத்துக்கு முன்னாடி ஆர் எழுத்து இருந்தா ரேடியல், வெறும் கோடு இருந்தா பயஸ். முன்னாடி பயஸ் பின்னாடி ரேடியல் கம்பெனியே குடுக்கற கலவை, எஃப்இசட் அப்படித்தான் வருது, தப்பில்ல. முன்னாடி ரேடியல் பின்னாடி பயஸ்னு தலைகீழா நீங்களா போடாதீங்க, பின்பக்கம் அலையும்.

ரப்பர் கலவைல நேரடியான பேரம் இருக்கு. மெத்துனு இருக்கற ரப்பர் நல்லா பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நிறைய கிமீ ஓடும், ஈரத்துல வழுக்கும். கம்பெனில வர்ற டயர் பலதும் மைலேஜுக்கும் ஆயுசுக்கும் முன்னுரிமை குடுத்து செஞ்சது. அதே 100/90 அளவுல கிரிப்புக்குன்னு செஞ்ச டயர் நம்ம மதராஸ்லயே பொறந்த எம்ஆர்எஃப்லயும் இருக்கு, மதுரை பக்கம் ஃபேக்டரி வெச்சிருக்கற டிவிஎஸ் யூரோகிரிப்லயும் இருக்கு, சியட், மிஷெலின்லயும் இருக்கு. எந்த பிராண்ட்னு நான் சண்டை போடமாட்டேன், கலவைய ஒரே பேர்லயே அப்பப்ப மாத்தறாங்க, அதனால போன வருஷ அனுபவத்த வெச்சு இந்த வருஷ டயருக்கு சத்தியம் பண்ண முடியாது. நடுவுல கெட்டி, ஓரத்துல மெதுன்னு ரெண்டு கலவை போட்ட டயர் உங்க மாதிரி பாதி நேர் ரோடு பாதி மலைக்கு சரியா வரும்னு காகிதத்துல தோணுது, நிறைய பேர் நல்லா இருக்குன்னும் சொல்றாங்க, ஆனா இந்த வேகத்துல அது எவ்வளவு உதவுதுன்னு பிரிச்சு சொல்றது கஷ்டம். கட்டை கட்டையா பட்டன் வெச்ச டயர மட்டும் ஸ்டைலுக்காகப் போடாதீங்க. தார் ரோட்டுல அந்தக் கட்டைங்க வளைஞ்சு குடுக்கும், சாய்வுல வண்டி நழுவற மாதிரியே இருக்கும், மழைல பிரேக் தூரம் கூடும்.

காத்து. இத கடைசில சொல்றேன்னு சின்ன விஷயமா நினைச்சுராதீங்க, செலவே இல்லாம ஹேண்ட்லிங் மாத்தறது இது ஒண்ணுதான். இந்த மாதிரி வண்டிங்களுக்கு பொதுவா முன்னாடி 25, பின்னாடி தனியா போனா 28, ரெண்டு பேர்னா 32 பிஎஸ்ஐ பக்கம் வரும், உங்க வண்டி ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ என்ன போட்டிருக்கோ அதையே வைங்க. முன்னாடி 18-க்கு இறங்கியிருந்தா ஹேண்டில் கனமாயி, வண்டி திரும்பவே யோசிக்கும், மழைத் தண்ணி மேல கம்மி வேகத்துலயே டயர் மிதக்க ஆரம்பிக்கும். பங்க்ல போற போக்குல முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் 40 அடிச்சு விட்டா டயர் கல்லாயி நடுவுல மட்டும் நிக்கும், பள்ளத்துல துள்ளும். காலைல டயர் ஆறியிருக்கும்போது பாருங்க, ஓட்டிட்டு வந்து சூடா இருக்கும்போது பாத்தா ரெண்டு மூணு கூடக் காட்டும், அத நம்பி இறக்கிராதீங்க.

என் பரிந்துரை இது. பின்னாடி அதே 100/90-17, இல்ல ரிம் நம்பர் இடம் குடுத்தா ஒரே ஒரு படி, 110/80-17. அதோட விட்டம் 608, பழசுக்கு 4 மிமீதான் வித்தியாசம், செயின்லயும் இடிக்காது, ஆனா மாட்டினதும் ரெண்டு பேர் உக்காந்து பாத்து இடைவெளி சரிபாருங்க. 120/80 பல பேர் இந்த வண்டில போட்டு ஓட்டறாங்க, எனக்குத் தெரியும், ஆனா அதுக்கு ரிம் 2.50-க்கு கீழ இருக்கக்கூடாது, விட்டமும் 12 மிமீ கூடுது, நான் போட்டுக் குடுக்கறதில்ல. முன்னாடி 80/100 இல்ல ரிம் ஒத்துக்கிட்டா 90/90, பின் டயர் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துல. வாங்கும்போது பக்கச்சுவர்ல அளவுக்கு அப்புறம் ஒரு நம்பரும் எழுத்தும் இருக்கும், 55P மாதிரி. நம்பர் எடை தாங்கற அளவு, 55ன்னா 218 கிலோ, எழுத்து வேகம், P-ன்னா மணிக்கு 150 கிமீ. கம்பெனி டயர்ல இருந்ததுக்கு ரெண்டும் குறையக்கூடாது, நீங்க ரெண்டு பேரும் பையோட போறவங்க. முட்டை வடிவ கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், 2324ன்னா 2024-ல 23-வது வாரம் செஞ்சது, ரெண்டு வருஷத்துக்கு மேல கடைல கிடந்தத வாங்காதீங்க, ஆஃபர் குடுத்தாலும். சட்டப்படி டூவீலருக்கு பட்டன் ஆழம் 0.8 மிமீ இருந்தா போதும், ஆனா வடகிழக்குப் பருவமழைல மலை ஏறறவங்க அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

புது டயர் மாட்டினதும் நேரா வால்பாறைக்கு விட்டுராதீங்க. டயர் செய்யற அச்சுலருந்து புதுசா வந்த டயர் மேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும், முதல் 150 கிமீ வரைக்கும் முறுக்காம, திடீர் பிரேக் போடாம, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சாய்வ கூட்டி ஓட்டுங்க, ஓரத்து ரப்பரும் பழகணும். பழைய தட்டை டயர்ல அடம் பிடிச்ச வண்டிய தள்ளித் தள்ளி சாய்ச்சு உங்க கை பழகியிருக்கும், புது டயர்ல அந்த பலம் வேண்டியிருக்காது, அதே மாதிரி அழுத்தினா நினைச்சத விட வேகமா சாஞ்சிரும். வீட்டுக்காரம்மாவ ஏத்தறதுக்கு முன்னாடி தனியா ஒரு தடவ ஆழியார் செக்போஸ்ட் தாண்டி முதல் சில வளைவு வரைக்கும் போய்ட்டு திரும்பி வாங்க, வண்டி எப்படி சாயுதுன்னு கைக்குப் புரிஞ்சதுக்கு அப்புறம் மேல போங்க.